எட்டு நாளுக்குப் பாதி

அம்மா என்னிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "நாளைக்குத் தலைக்கு ஊத்திரலாமா, அம்மிணி?" ஆமாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அன்றோடு முடிந்திருக்கும். நான் பாடம் நடத்தினேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் பௌதிகம் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். சித்தூருக்குக் கிழக்கே, பொள்ளாச்சி போகும் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, கரிசல் மண்ணில் எங்கள் தோட்டம். எங்கள் வகையறாவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் நான். அதை நானும் மறந்ததில்லை, மற்றவர்களையும் மறக்க விட்டதில்லை. கல்லூரியில் வாத்தியார் இங்கிலீஷில் பாடம் எடுத்து மலையாளத்தில் திட்டுவார். அந்தக் கடுப்பையெல்லாம் சேர்த்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் வந்திறங்கி, வீட்டில் இருப்பவர்களைத் திருத்துவேன். மின்னல் முன்னால் வந்து இடி ஏன் பின்னால் வருகிறது என்று யாரும் கேட்காமலே சொல்வேன். கறக்கிற மாட்டுக்குக்கூட ஏதாவது சொல்லிக்கொடுக்காமல் விட்டேனா என்பது சந்தேகம்.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். எங்கள் நங்கைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் நிலக்கடலைக் காட்டில் இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்துவிட்டு வந்து, சிரித்தபடி சோறாக்குவார். பாப்பா பிறந்து ஒன்றரை வருடத்தில் அந்த உடம்பு உருகத் தொடங்கியது. சாப்பாடு நன்றாகச் செல்லும், உடம்பில் ஒட்டாது. உட்கார்ந்திருக்கும்போதே வியர்த்துக் கொட்டும். கை நடுங்கி, வட்டிலில் ஊற்றும் ரசத்தில் பாதி தரையில் விழும். கண்கள் பிதுங்கின. கழுத்தில் ஒரு வீக்கம் தெரிந்தது. பொள்ளாச்சியில் பார்த்த டாக்டர், கழுத்துச் சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது, ரயிலேறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுக்கப்போகும் மருந்து கதிரியக்க அயோடின் என்று அண்ணன் கொண்டுவந்த காகிதத்தில் பார்த்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். இயற்கையில் கிடைக்காத சரக்கு அது. பம்பாய்ப் பக்கம் அணு உலையில் செய்து, ஈயப் பெட்டியில் அடைத்து அனுப்புவார்கள். எட்டு நாளில் பாதியாகிவிடும். அதனால் மருந்து நோயாளிக்காகக் காத்திருக்காது, மருந்து வரும் நாளுக்கு நோயாளிதான் போய்க் காத்திருக்க வேண்டும். உள்ளே போனதும் கழுத்துச் சுரப்பி அதைச் சாதாரண அயோடின் என்று நம்பி இழுத்துக்கொள்ளும். அது அங்கேயே உட்கார்ந்து சுரப்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுட்டு அடக்கும். என் பாடப்புத்தகத்தில் இருந்த ஒன்று எங்கள் வீட்டு ஆளின் உடம்புக்குள் போகிறது. நங்கையின் நோயைவிட அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. இதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

திரும்பி வந்த நங்கை நடந்ததைச் சொன்னார். "தண்ணியாட்டத்தான் இருந்துச்சு. ஒரு ருசியுமில்ல. குடுத்தவரு மட்டும் நீட்டக் குறட்டுல புடிச்சு வெச்சுட்டு எட்டப் போயி நின்னுக்கிட்டாரு. நான் குடிக்கிற வரைக்கும் அவரு கிட்டயே வரல."

அண்ணன் என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். டாக்டர் கையால் இங்கிலீஷில் எழுதியது. எங்கள் வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பத்து மில்லிகியூரி என்று மருந்தின் அளவு. இரண்டு வாரம் குழந்தையை மடியில் வைக்கக் கூடாது, பக்கத்தில் படுக்க விடக் கூடாது. வட்டில், டம்ளர், படுக்கை தனி. ஒரு வருடம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. அவ்வளவுதான். படித்துச் சொல்லிவிட்டு, சீட்டைப் பௌதிகப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் யாருக்கும் இது புதிதாகப் படவில்லை. ஒதுங்கியிருப்பதை நாங்கள் தூரம் என்போம். மாசத் தூரம் மூன்று நாள். பிள்ளை பெற்றால் இத்தனை நாள், சாவு கேதம் விழுந்தால் இத்தனை நாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு உண்டு, கணக்கு முடிகிற அன்று அரப்புத் தேய்த்து மஞ்சள் தண்ணீர் தலைக்கு ஊற்றினால் தூரம் தீர்ந்தது. ஆகவே ஆஸ்பத்திரித் தூரம் பதினான்கு நாள் என்று அம்மா மனதில் எழுதிக்கொண்டார். நங்கை தோட்டத்துக் கிணற்றுக்குப் பக்கத்திலிருந்த சாளைக்குப் போனார். சாளை என்றால் காட்டுவேலைக்காகப் போட்ட கூரைவீடு. முணுமுணுப்பு ஒன்றும் இல்லை. இரண்டு வயது தாண்டிய பாப்பா என்னோடு படுத்துக்கொண்டது.

பதினான்காம் நாள் சனிக்கிழமை. அம்மா சமையலறையில் உட்கார்ந்து மறுநாள் பாயசத்துக்கு வெல்லம் உடைத்துக்கொண்டிருந்தார். செப்பு அண்டா துலக்கி வைத்தாயிற்று, அரப்பு இடித்தாயிற்று. பாப்பாவிடம் "நாளைக்கு உங்கம்மா வர்றா" என்று காலையிலிருந்து சொல்லிச் சொல்லி, அதுவும் வாசலுக்கும் உள்ளுக்குமாக ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அணு உலையில் செய்த ஒரு பொருளை இவர்கள் அரப்பாலும் மஞ்சளாலும் கழுவப் போகிறார்களா?

"தலைக்கு ஊத்துனாப் போறதுக்கு இது தூரமுங்களாம்மா? தண்ணிக்கும் மஞ்சளுக்கும் இது பயப்படாதுங்க."

"அப்ப எதுக்குத்தாண்டி போகும்?"

"எதுக்கும் போகாதுங்க. சூடு பண்ணுனாலும் அப்படித்தான், ஐஸுல வெச்சாலும் அப்படித்தான். அதுவாக் கொறையும். எட்டு நாளுக்கு ஒருக்காப் பாதி." சொன்னதோடு விட்டேனா? அம்மாவின் முன்னாலிருந்த வெல்லத்தில் ஒரு துண்டை எடுத்து அரிவாள்மணையில் பாதியாக நறுக்கினேன். "இது மொத எட்டு நாள்." ஒரு பாதியை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மறுபடி நறுக்கினேன். "இது அடுத்த எட்டு." ஏழெட்டுத் தடவை அப்படிச் செய்ததும், தரையில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு துணுக்கு நின்றது. எங்கிருந்தோ வந்த எறும்பு ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு சுவரோரமாகப் போய்விட்டது.

அம்மா சந்தோஷமாகச் சொன்னார். "அவ்வளவுதான். எறும்பு கொண்டு போயிருச்சு. ஒண்ணுமில்ல பாரு, முடிஞ்சுது."

"அது வெல்லமுங்க. இது கணக்கு. கணக்குல பாதி பண்ணிக்கிட்டே போகலாமுங்க, பூஜ்யம் வராது. முழுசா ஒருநாளும் போகாதுங்க."

அம்மாவின் கை நின்றது. மாட்டுக் கட்டுத்தரையிலிருந்து கயிற்றோடு வந்த அண்ணன் வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "ஏம்மிணி, டாக்டரு ரெண்டு வாரம்னு சொன்னாரே?"

"ரெண்டு வாரத்துல முக்காவாசி போயிருமுங்கண்ணா. காவாசி இருக்குமுங்க."

அந்தக் கால்வாசியால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அதையெல்லாம் பார்த்துத்தான் டாக்டர் நாளைச் சொல்லியிருக்கிறார், அதற்குள் பெரும்பகுதி சிறுநீரோடும் போயிருக்கும் என்ற அடுத்த வாக்கியம் எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அம்மா என்னைப் பார்த்த பார்வையில் முதல்முறையாக ஒரு பயம் இருந்தது. என் படிப்பின் மேல் வந்த பயம். அது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டேன்.

மறுநாள் தண்ணீர் காய்ச்சவில்லை. பாயசமும் வைக்கவில்லை. உடைத்த வெல்லத்தை அம்மா டப்பாவில் போட்டு மூடினார். பாப்பா வாசலிலேயே வெகுநேரம் நின்றது.

அதன் பிறகு தினமும் கல்லூரி விட்டு வந்ததும் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தோட்டத்து வாய்க்கால் வரை போவேன். நங்கை அக்கரை வரப்பில் வந்து நிற்பார். முந்தானையை ஆட்டிக் காட்டுவார், பாப்பா கையை நீட்டி அழும். நங்கை அழுது நான் பார்த்ததில்லை. "இன்னைக்கு எவ்வளவு மிச்சமிருக்கும், அம்மிணி?" என்று மட்டும் கேட்பார். நானும் சளைக்காமல் சொல்வேன். எட்டில் ஒரு பங்குங்க. அடுத்த எட்டு நாளில், பதினாறில் ஒரு பங்குங்க. பின்னம் என்றால் என்னவென்று தெரியாத அந்த மனுஷி அதை மனப்பாடமாகத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு சாளைக்குத் திரும்பிப் போவார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பாப்பா ஒரு காலைத் தூக்கி என் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டுதான் தூங்கும். கண் விழித்தால் முதலில் என் மூக்கைத் தொட்டுப் பார்க்கும். அது எனக்கு வேண்டியிருந்தது. விஞ்ஞானத்தின் மேல் வைத்த பக்தியால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொன்னால், அது பாதிதான் உண்மை.

மூன்றாம் மாதம் அண்ணனும் நங்கையும் பரிசோதனைக்குப் போய்வந்தார்கள். நோய் அடங்கியிருந்தது. கை நடுக்கம் நின்று, உடம்பில் சதை பிடித்திருந்தது. அண்ணன் வந்ததும் வராததுமாகச் சொன்னார். "கொழந்தையத் தொடலாமுங்களான்னு கேட்டா டாக்டரு சிரிக்கறாரு. ரெண்டு வாரம்னு எழுதிக் குடுத்தேனே, இன்னுமா தொடலைங்கறாரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அப்போது மிச்சம் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு இருந்திருக்கலாம், அவ்வளவுகூட இருந்திருக்காது. எனக்குத் தெரியும். டாக்டர் சொல்வது சரி, நான்தான் சொல்லாமல் விட்டேன் என்று சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்டருங்க நம்மளை மாதிரி ஆளுங்களுக்குப் புரியறதுக்காக அப்படித்தான் சொல்லுவாங்கண்ணா."

அம்மாவே தயங்கினார். டாக்டரே சொல்லிவிட்ட பிறகு என்னவாம் என்பதுபோல வாயெடுத்தார். தடுத்தது நங்கைதான். "வேண்டாமுங்க அத்தை. பச்சப்புள்ள. நம்ம அம்மிணி படிச்சது, தெரியாமச் சொல்லாது." டாக்டரின் சீட்டு அப்போது என் பையில், புத்தகத்துக்குள், அடையாளம் வைக்கும் துண்டாக இருந்தது.

நங்கை வீட்டுக்குள் வந்துவிட்டார். சோறாக்கினார், மாடு கறந்தார், பழையபடி சிரித்தார். பாப்பாவை மட்டும் தொடவில்லை. அடுத்த வருடம் எனக்குக் கல்யாணமாகிக் கிளம்பிய அன்று, என் சேலையை விடாமல் பிடித்துக்கொண்டு கத்திய குழந்தையை வேறு வழியில்லாமல் நங்கை வாங்கினார். வாங்கும் முன் ஒரு துண்டை நான்காக மடித்து மார்பின் மேல் போட்டுக்கொண்டார். பிள்ளைக்கும் தனக்கும் நடுவில் ஒரு துண்டு.

என் வீட்டுக்காரருக்குச் சாந்தன்பாறைப் பக்கம் ஓர் ஏலத்தோட்ட ஆபீஸில் வேலை. அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியத்துக்கு டீச்சரானேன். லீவுக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் பார்ப்பேன். நாலைந்து வயதுப் பாப்பா, அம்மாவின் மடியில் உட்கார வேண்டுமென்றால் கொடியிலிருந்து தானே ஒரு துண்டை எடுத்து வரும். அதை நங்கையின் மடியில் விரித்து, சுருக்கமில்லாமல் கையால் தடவிவிட்டு, பிறகு உட்காரும். எல்லா வீட்டிலும் அம்மா மடியில் அப்படித்தான் உட்கார்வார்கள் என்று அது நினைத்திருந்ததோ என்னவோ. நான் அதைப் பார்த்துக்கொண்டு காபி குடித்தேன்.

நங்கை அந்த மருந்தைக் குடித்து ஆறு வருடம் போயிற்று. ஒரு மழைக்காலத்தில் பத்தாம் வகுப்புக்கு இதே பாடத்தை எடுத்துக்கொண்டிருந்தேன். பலகையில் கோடு வரைந்தேன், கீழே இறங்கி இறங்கி, தரையைத் தொடாமலே போகும் கோடு. முழுதாக ஒருநாளும் தீராது என்றேன், அதே பெருமையோடு. எஸ்டேட் தொழிலாளர் லயத்திலிருந்து வரும் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், பாதி பாதியாப் போயி கடைசில ஒத்த அணு நிக்கும்லா? அதுக்குப் பொறவு அது எப்படி டீச்சர் பாதியாவும்?"

"உட்காரு" என்றேன்.

வீட்டுக்கு வந்து பழைய புத்தகத்தைத் தேடி எடுத்தேன். சீட்டு மஞ்சளாகிப் போய் அதிலேயே இருந்தது. பத்து மில்லிகியூரி. அதில் எத்தனை அணு இருக்கும் என்று கணக்குப் போட்டேன். மூன்று போட்டு அதற்குப் பின்னால் பதினான்கு பூஜ்யம் போட்டாலும் போதாது. பெரிய எண்தான், ஆனால் எண்ணி முடிக்கக்கூடிய எண். அதைப் பாதியாக்கினேன். மறுபடி பாதி. நாற்பத்தொன்பதாவது தடவையில் ஒன்றுக்குக் கீழே போய்விட்டது. நாற்பத்தொன்பது எட்டு, முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு நாள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், அவ்வளவுதான். அரை அணு என்று ஒன்று கிடையாது. கடைசி அணுவும் சிதைந்து செனான் என்ற வாயுவாகி, நங்கையின் மூச்சோடு வெளியே போய் வருடங்கள் ஆகிவிட்டன. என் கல்யாணத்துக்கு முன்னாலேயே அவர் உடம்பில் ஒன்றுமில்லை. முழுதாக ஒருநாளும் போகாது என்று நான் சொன்னது கொடுமை மட்டுமில்லை, தப்பும்கூட. எறும்பு வெல்லத்துணுக்கைக் கொண்டுபோனதும் முடிஞ்சுது என்றாரே அம்மா, அதுதான் சரியான விடை. அவரை நான் திருத்தினேன்.

அன்றைக்கே ஒரு இன்லண்ட் லெட்டர் எழுதினேன். "அன்புள்ள நங்கைக்கு, நான் சொன்னது தப்பு. டாக்டர் அன்றே இரண்டு வாரம் என்று எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்தே..." அதற்கு மேல் எழுத முடியவில்லை. நங்கைக்குப் படிக்கத் தெரியாது. பாப்பா மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தது, அதுதான் உரக்கப் படிக்கும். அண்ணன் கேட்பார், அம்மா கேட்பார். அதைக் கிழித்துப் போட்டுவிட்டு இன்னொன்று எழுதினேன். "அந்த மருந்து உடம்பில் ஒரு துளியும் மிச்சமில்லாமல் போய்விடும் என்று இப்போது கண்டுபிடித்திருக்கிறார்கள். இனி ஒரு பயமும் வேண்டாம்." கண்டுபிடித்திருக்கிறார்களாம்!

பரீட்சை லீவுக்கு மலையிறங்கினேன். மூணாறு, மறையூர், உடுமலை, பொள்ளாச்சி என்று மாறி மாறி பஸ். மறையூரில் நின்றபோது ஜன்னல் வழியே வெல்ல உருண்டை வாங்கிக்கொண்டேன். என்னத்துக்கு வாங்கினேன் என்று அப்போது எனக்கே தெரியாது. வழியெல்லாம் சொல்லிவிட வேண்டும், போனதும் சொல்லிவிட வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். சீட்டைக் கைப்பையில் வைத்திருந்தேன்.

வீட்டில் எனக்கு ஒரு கல்யாணப் பெண்ணுக்கு நடப்பதுபோல வரவேற்பு. கடுதாசி வந்த அன்று பாப்பா எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறது. நங்கை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அம்மா போய்ச் செப்பு அண்டாவில் தண்ணீர் காய்ச்சி, அரப்புத் தேய்த்து, மஞ்சள் கலந்து, ஆறு வருடத்துக்கு முன்னால் ஊற்றியிருக்க வேண்டியதை அன்றைக்கு ஊற்றியிருக்கிறார். நான் போனபோது பாப்பா நங்கையின் மடியில், எட்டு வயதுப் பிள்ளை, நீண்ட காலைத் தொங்கவிட்டுக்கொண்டு வெறும் சேலையின் மேல் உட்கார்ந்திருந்தது. இறங்கு என்று யார் சொல்லியும் இறங்கவில்லை.

நங்கை என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ படிச்சதுனாலதான் எங்களுக்குச் சேதி தெரிஞ்சுது அம்மிணி. இல்லாட்டி நான் காலத்துக்கும் அப்படியேதான இருந்திருப்பேன்?" பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அதையே சொன்னார். பிறகு சுவரோரம் இருந்த சாமி மாடத்தைக் காட்டினார். வழக்கமான விளக்குக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்ன அகல் எரிந்துகொண்டிருந்தது. "அதைக் கண்டுபுடிச்ச புண்ணியவான் ஆருன்னு நமக்குத் தெரியாது. வெள்ளிக்கெழமைக்கு வெள்ளிக்கெழமை அவருக்குன்னு ஒண்ணு போடறேன். அவரு பேரு என்னன்னு உனக்குத் தெரியுமா?"

கைப்பை என் தோளில் இருந்தது. அதற்குள் சீட்டு இருந்தது. இரண்டு வாரம் என்று தெளிவான எழுத்தில் எழுதியிருந்த சீட்டு.

"தெரியலீங்க நங்கை" என்றேன்.

நான் கொண்டுபோன வெல்லத்தில் அம்மா பாயசம் வைத்தார். முதல் டம்ளரை நங்கை எனக்குத்தான் கொண்டுவந்து நீட்டினார். கை நடுங்கவில்லை அவருக்கு, ஒரு சொட்டும் சிந்தவில்லை. வாங்கிக் குடித்தேன்.